பெட்டி முதலில், அரங்கம் பிறகு: வெரோனாவில் ஒரு சைக்கிள் பயணத்தை முடிப்பது

ஆல்ப்ஸ் மலையின் ரெஷென் கணவாயிலிருந்தோ பிரென்னர் கணவாயிலிருந்தோ சைக்கிளில் இறங்கி வருகிறவர்கள் வட இத்தாலியின் போல்ட்சானோவில் ஒரே வழிக்கு வந்துவிடுவார்கள். அங்கிருந்து ஆதிஜே ஆற்றோரமாகத் தெற்கே, திரெந்தோ, ரோவெரேத்தோ தாண்டி வெரோனா வரை 160 கிலோமீட்டர் சொச்சம். பெரும்பகுதி கார் வராத தனிப்பாதை. ஆறு போகும் திசையிலேயே போவதால் சுமையோடும் சுகமாக மிதிக்கலாம். இந்த வழியைப் பற்றி எழுதுகிறவர்கள் மலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். வெரோனா வந்ததும் "ஊர் சுற்றிப் பார்த்தோம், கிளம்பினோம்" என்று முடித்துவிடுவார்கள். ஆனால் பணமும் பொறுமையும் அதிகம் கரைவது அந்தக் கடைசி இரண்டு மூன்று நாளில்தான். எதை முதலில் செய்வது என்ற வரிசை தப்பிப்போவதுதான் காரணம். கோபுரத்தையும் கோயிலையும் ஆற அமரப் பார்த்துவிட்டு, கிளம்புகிற நாளுக்கு முந்தின சாயங்காலம், சைக்கிளை விமானத்தில் ஏற்றத் தேவையான அட்டைப்பெட்டிக்கு அலைவார்கள்.

அதனால் கிழமையிலிருந்து தொடங்க வேண்டும். வெரோனாவுக்குள் நுழையப் புதனோ வியாழனோ நல்ல நாள். இத்தாலியில் சைக்கிள் கடைகள் மதியம் பன்னிரண்டரை வாக்கில் ஷட்டரை இறக்கினால் மூன்று, மூன்றரைக்குத்தான் திறப்பார்கள். ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலையும் பல கடைகள் திறக்காது, சில அன்று முழுக்கவே திறக்காது. சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குள் வருகிறவருக்குப் பெட்டி செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்களன்று காஸ்டல்வெக்கியோ அருங்காட்சியகமும் மூடியிருக்கும். இரண்டு வேலையும் கெடும் நாள் அது.

பெட்டி என்பது புதுச் சைக்கிள் கடைக்கு வரும் அட்டைப்பெட்டி. கடைக்காரருக்கு அது குப்பை. ஆனால் உடனுக்குடன் மடித்துப் போட்டுவிடுவார்கள் என்பதால், திரெந்தோவில் இருக்கும்போதே போன் செய்து எடுத்துவைக்கச் சொல்ல வேண்டும். "ஸ்காத்தோலா பெர் பீச்சி" என்றால் புரிந்துகொள்வார்கள். சைக்கிளை அங்கே செல்லமாகப் பீச்சி என்பார்கள். சும்மாவே கொடுப்பார்கள், அல்லது ஒரு காப்பிக் காசு. கேட்க வேண்டியது அளவு. சுமார் 140 செ.மீ. நீளம், 80 உயரம், 20 முதல் 25 அகலம் இருந்தால் முன் சக்கரத்தை மட்டும் கழற்றி வைத்துவிடலாம். மின் சைக்கிள் வந்த பெட்டி இடம் தாராளம் என்று ஆசைப்பட்டு வாங்கினால் விமான நிறுவனத்தின் அளவு வரம்பைத் தாண்டிவிடும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கு நடுவே செருகும் பிளாஸ்டிக் கட்டையையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் போன ஃபோர்க் நசுங்கி வந்தால் சரிசெய்ய வழியில்லை.

கடைசி நாள் சவாரியில் ஒரு எதிரி உண்டு: காற்று. கோடையில் மதியத்துக்கு மேல் இந்தப் பள்ளத்தாக்கில் தெற்கிலிருந்து வடக்கே காற்று ஏறும். பாதை இறக்கம்தானே என்று பதினோரு மணிக்குக் கிளம்பினால் இறக்கத்திலும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டிவரும். ரோவெரேத்தோவிலிருந்து வெரோனா முக்கால் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். காலை ஏழுக்குக் கிளம்பினால் காற்று எழுவதற்குள் பள்ளத்தாக்கின் குறுகலான பகுதியைத் தாண்டிவிடலாம். ரிவோலி அருகே ஒரு செங்குத்தான ஏற்றம் இருக்கிறது, நீளமில்லை. 1797 ஜனவரியில் நெப்போலியன் ஆஸ்திரியப் படையை முறியடித்த மேடு இதுதான். சுமை அதிகமென்றால் இறங்கித் தள்ளுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அதற்குப்பின் பிஃபிஸ் கால்வாய். நீர்மின் நிலையங்களுக்காக வெட்டிய கான்கிரீட் கால்வாய், கரையோரமாகவே பாதை. தட்டையானது, வழி தப்பாது, நிழல் கிடையாது. தண்ணீர் பக்கத்திலேயே ஓடினாலும் இறங்கித் தொட முடியாது. சரிவான சுவர், உள்ளே வேகமான ஓட்டம். புசோலெங்கோ ஊரில் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். பாதை கியேவோ அணைக்கட்டுப் பக்கம் வந்து முடியும்போது வெரோனாவின் மேற்கு ஓரத்தில் இருப்பீர்கள்.

அங்கிருந்து நேரே ஊர் நடுவுக்குப் போகாமல், ஆற்றின் அதே கரையில் இருக்கும் சான் ஜெனோ தேவாலயத்துக்கு முதலில் போவது நல்லது. நடுவூரிலிருந்து நடந்து வருகிறவர்களுக்கு இது சற்றுத் தள்ளி. சைக்கிளில் வருகிறவர்களுக்கு வழியிலேயே இருக்கிறது. முன்னால் பெரிய சதுக்கம், உட்கார இடம், கூட்டம் குறைவு. ஒருவர் சைக்கிளோடு இருக்க மற்றவர் உள்ளே போய்வரலாம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதால் சைக்கிள் கால்சட்டைக்கு மேல் சுற்றிக்கொள்ள ஒரு வேட்டியோ மெல்லிய துண்டோ பையின் மேலாகவே இருக்கட்டும். வாசற்கதவில் 48 வெண்கலத் தகடுகள். உருவங்களுக்கு உடம்பைவிடத் தலை பெரிது. ஒன்றிரண்டு தலைகள் தகட்டைவிட்டுப் பிதுங்கி நம்மைப் பார்க்கும். உள்ளே பலிபீடத்தில் ஓவியர் மாந்தேன்யா 15ஆம் நூற்றாண்டில் வரைந்த மூன்று பகுதிப் படம். 1797இல் பிரெஞ்சுக்காரர்கள் தூக்கிப்போய், பிறகு பெரிய படங்களை மட்டும் திருப்பித் தந்தார்கள். அடியிலுள்ள மூன்று சிறு படங்களின் அசல் இன்னும் பிரான்ஸில் இருக்கிறது. இங்கே இருப்பவை நகல்கள். இன்னொரு பக்கம், கறுத்த முகத்தோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் புனித ஜெனோ. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இந்த ஊரின் பிஷப் ஆனவர். ஆதிஜேயில் மீன் பிடிப்பார் என்பது கதை. கைக்கோலில் ஒரு மீன் தொங்குகிறது. இத்தனை நாள் கூட வந்த ஆற்றின் மீன்.

அறைக்குப் போனதும் செய்யவேண்டியது மூன்று: துணியை நாணயம் போட்டுத் துவைக்கும் கடையில் போடுவது, சைக்கிளை எங்கே கழற்றலாம் என்று விடுதியில் கேட்பது, சாப்பிடுவது. ஆறு மணிக்கு நன்றாகப் பசிக்கும், ஆனால் உணவகங்கள் இரவுச் சமையலை ஏழு, ஏழரைக்கு முன் தொடங்காது. மதுக்கடைகளில் பானத்தோடு தரும் கொறிப்புதான் அந்த இடைவெளிக்குத் துணை. இல்லையென்றால் அடுமனையில் ரொட்டி. வெரோனாவின் தடித்த நூடுல்ஸ் பீகோலி. பக்கத்து வல்போலிசெல்லா மலைச்சரிவின் அமரோனே ஒயினில் வெந்த ரிசோத்தோ என்ற அரிசி உணவு ஊதா நிறத்தில் வரும். "பஸ்திசாதா தே காவல்" என்று பட்டியலில் கண்டால் அது குதிரைக்கறி, தெரியாமல் கேட்டுவிட வேண்டாம். பில்லில் "கோப்பெர்த்தோ" என்று தலைக்கு ஒன்றிரண்டு யூரோ கூடியிருக்கும். ஏமாற்று அல்ல, இருக்கைக் கட்டணம்.

மறுநாள் காலையிலேயே பெட்டியைக் கட்டிவிட வேண்டும். "கடைசி நாள்வரை சைக்கிள் கையில் இருந்தால் ஊர் சுற்ற வசதிதானே" என்று தோன்றும். இருக்காது. பழைய ஊரின் நடுப்பகுதி குறுக்கே நடந்தால் இருபது நிமிஷம். மாட்சினி தெரு முழுக்க நடப்பவர்கள். ஒவ்வொரு வாசலிலும் சைக்கிளைப் பூட்டிப் பையைக் கழற்றுவதிலேயே நேரம் போய்விடும். கட்டி முடித்தபின்தான் எந்த உதிரிப்பாகம் குறைகிறது என்பதும் தெரியும், அதை வாங்கக் கடை திறந்திருக்கும் நாளும் கையில் இருக்கும்.

வேலை நிதானமாகச் செய்தால் ஒன்றரை மணி நேரம். சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே, செயினைப் பெரிய பல்சக்கரத்தில் போட்டுவிட்டுப் பெடல்களைத் தளர்த்துங்கள். சிறிய பல்லில் செயின் இருந்தால் ஸ்பேனர் சட்டென்று விடும்போது பெரிய சக்கரத்தின் பல் கைமுட்டியைக் கிழித்துவிடும். இடது பெடலுக்கு இடது மரை. எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்ப வேண்டாம்: ஸ்பேனரை அச்சிலிருந்து மேல்நோக்கி நிற்கும்படி மாட்டிப் பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். மழையில் வந்த பெடல் இறுகியிருக்கும். 15 மி.மீ. ஸ்பேனரோ 8 மி.மீ. ஆலன் கீயோ நீளமான பிடியோடு வேண்டும். பாக்கெட்டில் போடும் பல்கருவியால் முடியாது. பெட்டி தந்த கடையிலேயே தளர்த்தி வாங்கிக் கையால் திருகிக்கொண்டு, விடுதிவரை தள்ளிக்கொண்டே வந்துவிடுவது புத்திசாலித்தனம்.

சீட் போஸ்ட் உள்ளே போகும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றுங்கள், வீட்டில் உயரம் தேட வேண்டியிருக்காது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் முன்தகட்டின் நான்கு போல்ட்டையும் எடுத்து, பாரை மேல்குழாயோடு சேர்த்துத் தொங்கவிட்டு, போல்ட்டுகளைத் தகட்டோடு அதே இடத்தில் திருப்பி முடுக்கிவையுங்கள். பையில் தனியாகப் போட்ட போல்ட்டு தொலையும் என்பது கிட்டத்தட்ட விதி. ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மின் உச்சி மூடியைத் தொடாதீர்கள். அதையும் பக்கவாட்டுப் போல்ட்டுகளையும் சேர்த்துக் கழற்றினால் ஃபோர்க் கீழே நழுவி, பேரிங் வளையங்கள் தரையில் உருளும்.

முன் சக்கரத்தை எடுத்ததும் ஃபோர்க்கில் கட்டையைச் செருகுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் பேடுகளுக்கு நடுவே அட்டைத்துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். அது இல்லாமல் யாராவது பிரேக்கை அழுத்திவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், வீட்டில் டிஸ்க் உள்ளே போகாது. பிறகு முக்கியமானது, பின் கியர் மாற்றி. பெட்டிக்குள் உடைவதில் அதிகம் இதைத் தாங்கும் அலுமினியக் கொக்கிதான். பெட்டியை வலப்பக்கம் சாய்த்துப் போட்டாலே வளைந்துவிடும். 5 மி.மீ. ஆலன் கீயால் கியர் மாற்றியைக் கொக்கியிலிருந்து விடுவித்து, துணியில் சுற்றி, பின்சட்டத்துக்கு உட்பக்கமாகக் கேபிள் டை போட்டுக் கட்டினால் போதும். கேபிளைக் கழற்ற வேண்டாம். செயினை ஒரு பழைய சாக்ஸால் துடைத்து அதே சாக்ஸில் சுற்றுங்கள், அட்டையில் எண்ணெய் ஊறினால் அடி கிழியும்.

டயரில் காற்றைக் குறையுங்கள், முழுக்க இறக்க வேண்டாம். கொஞ்சம் காற்று இருந்தால்தான் ரிம்முக்குப் பாதுகாப்பு. பெட்டியின் அடிப்பகுதிக்கு இரட்டை டேப். எடை பார்க்க மறக்காதீர்கள்: கேரியரோடு கூடிய பயணச் சைக்கிள் 14, 15 கிலோ, பெட்டி இரண்டு மூன்று கிலோ. 23 கிலோ வரம்பென்றால் கூடாரமும் தூங்கும் பையும்தான் மிச்ச இடத்தில் போகும். சமையல் கேஸ் சிலிண்டர் காலியானாலும் விமானத்தில் ஏறாது. பவர் பேங்க் கைப்பையில்தான். மின் சைக்கிளின் பேட்டரி விமானங்களின் 160 வாட்-மணி வரம்பைவிடப் பல மடங்கு என்பதால் எந்தப் பயணி விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். மின் சைக்கிளில் வந்தவர்களுக்கு ரயில்தான் வழி. டேப் சுருளை உள்ளே வைத்து ஒட்டிவிடாதீர்கள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னால் கையில் வேண்டும்.

ரயிலில் போகிறவர்களுக்கு அட்டைப்பெட்டியே வேண்டாம். மிலான், வெனிஸ் போகும் வட்டார ரயில்களில் சைக்கிள் படம் போட்ட ரயில்பெட்டியில் அப்படியே ஏற்றலாம், சைக்கிளுக்குத் தனி டிக்கெட் 3.50 யூரோ. காகித டிக்கெட் என்றால் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்தாமல் ஏறினால் அபராதம். பிரென்னர் வழியாக மியூனிக் போகும் ரயில்களில் சைக்கிளுக்கு முன்பதிவு கட்டாயம். கோடையில் அந்தச் சில இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் பயணம் தொடங்கும் முன்பே எடுத்துவைப்பது நல்லது.

பெட்டி மூலையில் சாய்ந்தபின் ஊருக்கு வரலாம். பார்க்கும் இடங்களுக்குள் நுழைய உதவும் வெரோனா கார்டு 24 மணி, 48 மணி என்று இரண்டு வகை. முதல் வாசலில் காட்டிய நிமிஷத்திலிருந்து ஓடத் தொடங்கும். பெட்டி கட்டாமல் அதை வாங்கினால் ஸ்பேனர் பிடிக்கும் நேரத்துக்கும் காசு.

கால் விஷயம் ஒன்று. பத்து நாள் மிதித்த கால் நடக்கப் பழகியிருக்காது. தொடை இரும்பாக இருக்கும், ஆனால் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை ஒரே நாளில் வலிக்கத் தொடங்கும். படி ஏறுவது சுலபம், இறங்குவதுதான் தொல்லை. லம்பெர்ட்டி கோபுரத்துக்கு 84 மீட்டர் உயரம், 368 படி. லிஃப்ட் இருக்கிறது, வெட்கப்படாமல் ஏறுங்கள். அடியில் பெடலில் மாட்டும் இரும்புக் கிளீட் வைத்த சைக்கிள் ஷூ இந்த ஊரில் ஆபத்து. நடைபாதைகள் வழவழப்பான சலவைக்கல், மழை பெய்தால் கண்ணாடிமாதிரி. சாதாரணச் செருப்போ ரப்பர் அடி ஷூவோ போடுங்கள்.

அந்தக் கல்லைக் குனிந்து பார்ப்பது எந்த அருங்காட்சியகத்துக்கும் சமம். ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் வெட்டிய சிவந்த சுண்ணாம்புக்கல் அது. ரோமானியர் கட்டிய அரங்கத்திலும் அரண்மனைகளிலும் தெருவிலும் அதே கல்தான். ஜுராசிக் காலக் கடலடியில் படிந்தது; நத்தைச் சுருள்போன்ற அம்மோனைட்டுகள் அப்படியே உறைந்திருக்கும். பியாட்சா பிரா சதுக்கத்தின் அகன்ற நடைபாதையிலும் மாட்சினி தெருவிலும் உள்ளங்கை அகலச் சுருள்கள் காலடியில் கிடக்கின்றன. கல் காய்ந்திருந்தால் மங்கலாகத் தெரியும். ஒரு கை தண்ணீர் தெளித்தால் அறை அறையாகப் பிரிந்த சுருள் சட்டென்று எழும்பும். நம் வீடுகளில் சாளக்கிராமம் என்று பூஜையில் வைக்கும் கண்டகி ஆற்றுக் கல்லுக்குள் இருப்பதும் அம்மோனைட்தான். இங்கே அதன்மேல் ஐஸ்கிரீம் சொட்டிக்கொண்டிருக்கிறது.

அரங்கம் கி.பி. முதல் நூற்றாண்டினுடையது. வெளிச்சுற்றில் 72 வளைவுகள் இருந்தன. 1117 ஜனவரி நிலநடுக்கத்தில் பெரும்பகுதி சரிந்தது. சரிந்த கல் ஊருக்குள் வீடாகவும் சுவராகவும் போயிற்று. வெளிச்சுற்றில் இன்று நிற்பது நான்கே வளைவுகள், 'ஆலா', அதாவது சிறகு என்பார்கள். நாம் முகப்பு என்று நினைத்துப் படம் எடுப்பது உண்மையில் உள்சுற்று. 1913 ஆகஸ்ட் 10 அன்று இசையமைப்பாளர் வெர்டியின் நூற்றாண்டுக்காக இங்கே அவருடைய 'ஐடா' இசைநாடகம் மேடையேறியது. அதிலிருந்து, உலகப் போர் ஆண்டுகள் நீங்கலாக, பெரும்பாலும் கோடைதோறும் ஓபெரா. நிகழ்ச்சி நாளன்று பார்வையாளர்களைச் சீக்கிரமே வெளியேற்றிவிடுவார்கள், ஆகவே காலையில் போங்கள். இரவு ஓபெரா பார்ப்பதானால் மேல்வரிசைக் கல் படிகளே மலிவு. பகல் முழுக்க வெயில் குடித்த கல் ஒன்பது மணிக்கும் சுடும், நள்ளிரவில் முதுகு குளிரும். மடித்த தூங்கும் பாயை அடியில் போட்டுக்கொள்ளலாம். பெட்டிக்குள் வைத்து ஒட்டிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

ஜூலியட் வீட்டைப் பற்றிச் சுருக்கமாக: கட்டடம் பழையது, மாடம் 20ஆம் நூற்றாண்டில் பழைய கல்லைக்கொண்டு ஒட்டவைத்தது. வரிசை நீளம். அந்த நேரத்தைக் காஸ்டல்வெக்கியோவுக்குக் கொடுக்கலாம். 14ஆம் நூற்றாண்டுக் கோட்டையை அருங்காட்சியகமாகத் திருத்தியமைத்த கட்டடக்கலைஞர் கார்லோ ஸ்கார்பா, வெரோனாவை ஆண்ட காங்ராண்டே பிரபுவின் குதிரைச் சிலையை அறைக்குள் வைக்காமல், சுவர்களுக்கு நடுவே அந்தரத்தில் நீட்டிய கான்கிரீட் மேடையில் நிறுத்திவிட்டார். கீழிருந்தும், பாலத்திலிருந்தும், முகத்துக்கு நேராகவும் ஒரே சிலையை நாலு விதமாகப் பார்க்கலாம். 1329இல் இறந்த அந்தப் பிரபுவின் உடலை 2004இல் எடுத்துச் சோதித்தபோது டிஜிட்டாலிஸ் செடியின் நஞ்சு தெரியவந்தது. பழைய கல்லும் புதுக் கான்கிரீட்டும் சந்திக்கும் இடத்திலெல்லாம் ஸ்கார்பா ஒரு விரல் இடைவெளி விட்டிருப்பார். தரை ஓரத்தைப் பாருங்கள், சுவரைத் தொடாமல் நிற்கும்.

கோட்டையை ஒட்டிய செங்கல் பாலமும், ஆற்றின் வளைவில் இருக்கும் ரோமானிய போன்டே பியெத்ரா பாலமும் 1945 ஏப்ரலில் பின்வாங்கிய ஜெர்மன் படை வெடிவைத்துத் தகர்த்தவை. போருக்குப் பின் ஆற்றுப்படுகையில் விழுந்த கற்களைப் பொறுக்கியெடுத்து, பழைய படங்களைப் பார்த்து, மறுபடி அடுக்கினார்கள். போன்டே பியெத்ராவில் வெள்ளைக் கல் வளைவுகளும் சிவந்த செங்கல் வளைவுகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் கரையிலிருந்து பார்த்தால் எது ரோமானியர்களுடையது, எது பின்னாளில் வந்தது என்று தெரியும். ஆற்றின் இருகரையிலும் உயர்ந்து நிற்கும் சுவர் 1882 வெள்ளத்துக்குப் பின் எழுப்பியது. அதற்கு முன் வீடுகள் நேரே தண்ணீரில் கால்வைத்து நின்றன. இடது கரையில் 'இன்தெராத்தோ தெல்லாக்குவா மோர்த்தா' என்றொரு தெரு. செத்த நீரைத் தூர்த்த இடம் என்று பொருள். ஆற்றின் கிளை ஒன்றை மூடிப் போட்ட தெரு அது.

போன்டே பியெத்ராவைத் தாண்டியதும் சான் பியெத்ரோ குன்றுக்குச் சிறு இழுவை ரயில் ஏறும். மாலை வெளிச்சத்தில் மேலிருந்து பார்த்தால் ஆறு ஊரை வளைத்துக்கொண்டு போவதும், வலப்பக்கம் அது வந்த மலைத்திசையும் தெரியும். திரும்ப நடந்தே இறங்கலாம், படிகள் நன்றாக இருக்கின்றன. முழங்கால் முறையிட்டால் கடைசி ரயில் நேரத்தை ஏறும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்துக்கு வேன் டாக்சி வேண்டும் என்பதையும் அன்று இரவே விடுதியில் சொல்லிவிடுங்கள், பெட்டி 140 செ.மீ. என்று அளவையும் சேர்த்து. சாதாரண டாக்சி வந்து நின்றால் பெட்டி டிக்கியிலும் போகாது, பின் சீட்டிலும் போகாது.